மங்கலாகச் சிரித்த மனிதர்

பனி இறங்கும் மாதங்களில் அந்தத் தெரு காலையில் எழுந்திருக்கவே யோசிக்கும். மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். திறந்த பிறகும் அவை தூக்கம் கலையாத முகம் போலவே இருக்கும். வெயில் எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பாலில் தண்ணீர் கலப்பது போலச் சத்தமில்லாமல் வந்திருக்கும். தெருவின் ஒரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை, எதிர்ச்சாரியில் கொஞ்சம் தள்ளி ரொட்டிக்கடை. கண்ணாடிக் கடையின் ஷட்டரைத் தூக்குகிறவளுக்கு முதல் மூச்சே ரொட்டி வாசனைதான்.

அவளைத் தெருவில் எல்லோரும் சில்லு என்று கூப்பிட்டார்கள். ஒல்லி உடம்பு, அதோடு நாளெல்லாம் கண்ணாடிச் சில்லுகளோடு வேலை. வட்டமாக வரும் லென்ஸைப் பிரேமின் வடிவத்துக்கு அரைத்து, ஓரம் தேய்த்து, திருகு முடுக்கிப் பொருத்துவாள். பின்னறை அவளுடையது. முன்னறையில் முதலாளி கண் பார்ப்பார், பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். கடை ஓடியது பாதி அவர் வாயால், பாதி அவள் கையால் என்று தெருவில் பேச்சு.

தப்பு நடந்த அன்று மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. தட்டில் இரண்டு பிரேம்கள் அருகருகே கிடந்தன. இரண்டும் பழுப்பு, இரண்டும் ஒரே அளவு. ஒன்று ரொட்டிக்கடைக்காரருடையது, மற்றது வயலின் சொல்லிக்கொடுக்கும் டீச்சருடையது. பொருத்தி முடித்ததும் பவர் பார்க்கிற மெஷினில் ஒருமுறை வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். அன்றைக்கு மெஷின் செத்துக் கிடந்தது. ரொட்டிக்கடைக்காரரோ முன்னறையில் நின்று வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். பழைய கண்ணாடி அடுப்பின் வாயில் விழுந்து உருகிப் போயிருந்தது. கண்ணில்லாமல் கடையில் நிற்க முடியவில்லை அவருக்கு.

"கொடுத்துடும்மா, மனுஷன் கொதிக்கிறார்" என்றார் முதலாளி. சில்லு கொடுத்துவிட்டாள்.

அவர் போட்டுப் பார்த்தார். வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார். "தூரத்துல கொஞ்சம் கலங்கலா இருக்கே."

"புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் போட்டா பழகிடும்" என்றார் முதலாளி. எல்லோரிடமும் சொல்வதுதான்.

பழகிவிட்டது.

ரொட்டிக்கடைக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு குறை தேடுகிற மனிதர் அவர். அலமாரியின் மேல்தட்டில் ஒரு மாவுப் பொட்டு இருந்தால் கடை வாசலிலிருந்தே கண்டுபிடிப்பார். எதிர்வீட்டுக் கொடியில் துணி கோணலாகத் தொங்கினால் இவருக்குத் தலைவலி வரும். வாங்க வருகிறவர்கள் ரொட்டியை மட்டும் கேட்பார்கள், பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அவர் மனைவி பக்கத்தில் நின்று காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாள். சுற்றுவதிலும் அவர் ஒரு மடிப்பைக் குறை சொல்வார். நல்ல ரொட்டி, அதில் சந்தேகமில்லை. கடித்தால் மேல்தோல் முறியும் சத்தம் பக்கத்து ஆளுக்குக் கேட்கும்.

அந்த மனிதர்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். முதலில் திட்டுவது குறைந்தது. பிறகு கல்லாவில் நின்றபடி சீட்டி அடிக்க ஆரம்பித்தார். ஒருநாள் மாலை, கண்ணாடிக் கடைக்கே ஒரு பொட்டலம் ரொட்டியோடு வந்தார்.

"என்னம்மா சில்லு, எனக்கு என்ன கண்ணாடி கொடுத்த நீ?"

அவள் பயந்துபோய் எழுந்தாள்.

"தெருவே குளிச்சிட்டு நிக்கிற மாதிரி இருக்கு. விளக்குப் போட்டதும் வாசல்ல வந்து நின்னுடறேன். ஒவ்வொரு விளக்கும் பூத்து நிக்குது. எதிர்வீட்டுத் துணியெல்லாம் அந்தரத்துல மிதக்குது. ஜனங்க நடந்து வர்றது தண்ணிக்குள்ள நடந்து வர்ற மாதிரி இருக்கு. இத்தனை வருஷமா இதையெல்லாம் நான் பாக்காமலே இருந்திருக்கேன்."

முதலாளி பெருமையோடு தலையாட்டினார். அது லென்ஸின் தரம் என்றார். சில்லுவும் சிரித்தாள். கையில் சூடான பொட்டலம். வேலை நன்றாக அமைந்துவிட்டது என்று அன்று வீடு போகும்வரை நினைத்துக்கொண்டே போனாள்.

வயலின் டீச்சர் அப்போது ஊரில் இல்லை. தப்பு நடந்த அன்றே கண்ணாடியைப் போட்டுப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு மகளின் பிரசவத்துக்குக் கிளம்பியிருந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்ததில் கண்ணாடியைப் பெட்டியிலேயே வைத்திருந்தாளாம். திரும்பி வந்து, நோட்டை விரித்து வாசிக்க உட்கார்ந்தபோதுதான் போட்டுப் பார்த்திருக்கிறாள். மறுநாளே கடைக்கு வந்துவிட்டாள்.

"இதைப் போட்டா தரை எழுந்து வருதும்மா. தலையைச் சுத்துது. பழகிடும்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள், முதலாளியைப் பார்த்து.

சில்லு கண்ணாடியை வாங்கிப் பின்னறைக்குப் போய் மெஷினில் வைத்தாள். பச்சைக் கோடுகள் ஒன்றுசேர்ந்து எண் தெரிந்ததும் எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தாள், அதே எண். அந்தத் தெருவில் அவ்வளவு மோசமான கண் ரொட்டிக்கடைக்காரர் ஒருவருக்குத்தான்.

டீச்சரை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டு முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"டீச்சருக்குப் புதுசா போட்டுக் கொடுத்துடு. அந்தம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

"ரொட்டிக்கடை அண்ணனுக்கு?"

"அவருக்கு என்ன? அவர் நல்லாத்தானே இருக்கார்?"

"அவருக்குத் தூரம் தெரியாது முதலாளி. கைநீட்டுற தூரத்துக்கு மேல எல்லாமே கரைஞ்சு போயிருக்கும்."

"கரையட்டும்மா. அந்த மனுஷன் வாயில சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு? சந்தோஷமா இருக்கிறவரைக் கூப்பிட்டு, 'ஐயா, உங்க சந்தோஷம் எங்க தப்பு'ன்னு சொல்லச் சொல்றியா? அவரும் நம்மள நாலு சாத்து சாத்துவார், தெருவுக்கும் பழைய பேயைத் திருப்பிக் கொடுத்த பாவம் வேற வந்து சேரும். அடுத்த தடவை கண் பார்க்க வருவார் இல்ல, அப்ப சத்தமில்லாம சரிபண்ணிடலாம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. சொன்னதிலும் கள்ளம் இல்லை. சில்லுவுக்கே அது பாதி சரியென்று பட்டது. ஆனாலும் டீச்சருக்கு லென்ஸ் அரைத்து முடித்ததும், கை தானாக இன்னொரு ஜோடியை எடுத்து ரொட்டிக்கடைக்காரரின் பவரில் அரைத்தது. அதே பழுப்பு பிரேம். மெஷினில் வைத்துப் பார்த்து, துணியில் சுற்றி, பைக்குள் போட்டுக்கொண்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெருவைக் கடந்து ரொட்டிக்கடைக்குப் போனாள்.

முன்னால் அவர் ஒரு கிழவரிடம் வானிலையைப் பற்றி அன்பாகப் பேசிக்கொண்டிருந்தார். "உள்ளே போம்மா, அக்கா அடுப்புகிட்ட இருக்கா" என்று கை காட்டினார். அவர் கை காட்டிய திசையில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று சில்லு நினைத்தாள். ஒரு சிவப்பு வெளிச்சம். அதன் முன் அசையும் ஒரு நிழல்.

சில்லு அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி நீளமான இரும்புத் துடுப்பை அடுப்பின் ஆழத்துக்குள் விட்டு ரொட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தாள். மாவுத் தூசி வெயில் கீற்றில் மெல்லச் சுழன்றது. அறையே ஒரு கனவின் உள்பக்கம் போலச் சூடாகவும் மங்கலாகவும் இருந்தது. அவள் ரவிக்கைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள். துடுப்பைச் சாய்த்து வைக்கையில் சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்த கோடுகள். சில ஆறியவை, சில ஆறாதவை. ஒன்றில் துணி சுற்றியிருந்தது.

"என்னக்கா இது?"

அவள் சட்டென்று கையை இறக்கினாள். "அடுப்பு புதுசு எனக்கு. பழகலை."

"அடுப்பு அண்ணன் வேலையாச்சே?"

அக்கா வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்ச நாளா அவருக்கு உள்ளே சரியா தெரியறதில்லை. பின்வரிசை ரொட்டி கருகிப் போகுது. வயசாகுது போலன்னு நினைச்சேன். சொன்னா உடைஞ்சு போயிடுவார். அதனால, 'எனக்கு அடுப்புகிட்ட நிக்க ஆசையா இருக்கு, நீங்க முன்னாடி இருங்க'ன்னு சொல்லிட்டேன். நம்பிட்டார். கருகினதை நான் பின்வாசல் வழியா எடுத்துட்டுப் போயிடுவேன்."

சில்லு அங்கேயே, மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று, கண்ணாடி மாறிப்போனதை முழுவதுமாகச் சொன்னாள். அக்கா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா மூட்டை மேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்ப வயசாகலை" என்றாள். "கண்ணாடிதான்." முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. பிறகு சில்லுவின் பையைப் பார்த்தாள். "அதுல இருக்கறது சரியானதா?"

"ஆமாக்கா."

"கொடுக்காத."

"அக்கா..."

"கேளு. கல்யாணமானதுலேர்ந்து நான் இந்த மனுஷன் பக்கத்துல பயந்து பயந்துதான் நின்னிருக்கேன். தலைமுடி ஒண்ணு கலைஞ்சிருந்தா சொல்வார். சேலையில ஒரு கறை இருந்தா சொல்வார். இப்ப என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார். சாயங்காலம் கூப்பிட்டுத் தெருவைக் காட்டறார், 'பாரு, எவ்வளவு அழகா இருக்கு'ன்னு. கை சுட்டா ஆறிடும். நீ அதை எடுத்துட்டுப் போயிடு."

"அவர் உங்களைப் பார்த்துச் சிரிக்கலையேக்கா. உங்களை அவருக்குச் சரியா தெரியவே இல்லையே."

"எதைப் பார்த்துச் சிரிச்சா என்ன. சிரிப்பு என் பக்கம்தானே வருது."

சில்லு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முன்னால் அவர், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அவள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் வலப்பக்கம் பார்த்துத்தான் கேட்டார்.

அன்று மாலை கடை மூடுவதற்கு முன் சில்லு ஒரு காரியம் செய்தாள். அவளுடைய கண் நல்ல கண். அதை ரொட்டிக்கடைக்காரரின் இப்போதைய கண்ணாக்க எந்த லென்ஸ் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சோதனைப் பெட்டியிலிருந்து அதை எடுத்து ஒரு பழைய பிரேமில் மாட்டிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அவர் சொன்னது பொய்யில்லை. கல்லும் கம்பியுமாக இருந்த தெரு கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. விளக்குகள் காம்பில்லாத பூக்கள். சைக்கிள்கள் வெறும் சத்தமாக வந்து வெறும் சத்தமாகவே போயின. மாடிச் சுவர்களின் வெடிப்புகள் மறைந்திருந்தன. குப்பைத்தொட்டி கூட ஒரு பெரிய நீலப் பழம் போல உட்கார்ந்திருந்தது. உடம்பில் எடையே இல்லை. இப்படியே வீடுவரை, வீட்டைத் தாண்டியும் நடந்துவிடலாம் போலிருந்தது. யாரிடமும் கோபம் வராது. எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை. ரொட்டிக்கடைக்காரர் மேல் அவளுக்குப் பொறாமையாகக் கூட வந்தது.

எதிரே ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நீலமோ பச்சையோ, ஏதோ ஒரு நிறம். முகம் ஒரு வெளிச்ச வட்டம். அந்த வட்டம் சிரித்துக்கொண்டே வருவதாகச் சில்லுவுக்குத் தோன்றியது. தெரிந்தவளாக இருக்கும் என்று இவளும் சிரித்தாள். இன்னும் நெருங்கினாள். இன்னும் சிரித்தாள்.

கைக்கெட்டும் தூரத்தில்தான் தெரிந்தது. யாரோ முன்பின் தெரியாத பெண். வாய் கோணி, கன்னம் முழுக்க நனைந்து, அழுதுகொண்டே வந்தாள். தன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவளை அவள் ஒரு கணம் பார்த்தாள். விலகிக் கடந்து போனாள். சில்லு கண்ணாடியைக் கழற்றித் திரும்புவதற்குள் அந்தப் பெண் முனை திரும்பிவிட்டாள்.

ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று சில்லு நினைத்தாள். என்னவென்று கேட்பது? சிரித்தது தப்பா? தப்பில்லைதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இன்று இரவு முழுக்க அது மறக்காது.

மறுநாள் பனி விலகுவதற்கு முன்பே ரொட்டிக்கடைக்குப் போனாள். முதலாளியிடம் சொல்லவில்லை, சொன்னால் அவர் பேசியே கரைத்துவிடுவார். கடையில் வேறு யாரும் இல்லை. துணியைப் பிரித்துக் கண்ணாடியை மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணே, உங்களுக்கு நான் கொடுத்தது வேற ஒருத்தரோட கண்ணாடி. மாத்திப் போட்டுட்டேன். சரிபாக்காம கொடுத்துட்டேன். இதுதான் உங்களோடது."

அவருக்கு முதலில் புரியவில்லை. சிரித்தார். இன்னொரு முறை சொன்னாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

"அப்ப நான் பார்த்ததெல்லாம்?"

அவள் புதுக் கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"விளக்கு பூத்தது?"

"பவர் போதலைன்னா அப்படித்தான் தெரியும் அண்ணே."

அவர் மேஜையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். உள்ளே துடுப்புச் சத்தம் நின்றிருந்தது. அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சில்லுவுக்குத் தெரிந்தது.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"நேத்திக்குத்தான் தெரிஞ்சது. நேத்தே சொல்லியிருக்கணும்."

"சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். கத்தவில்லை. பழைய மாதிரி கத்தியிருந்தால் சில்லுவுக்கு எளிதாக இருந்திருக்கும். "ஊர்ல எல்லாரும் சிடுமூஞ்சின்னு சொன்ன ஒருத்தனுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. அதுவும் மாறிப்போன கண்ணாடின்னு வந்து சொல்றியே. உனக்கு என்னம்மா கிடைச்சது இதுல?"

"ஒண்ணும் கிடைக்கலை. உங்க கண்ணைப் பத்தின விஷயம் எங்களுக்கெல்லாம் தெரிஞ்சு உங்களுக்கு மட்டும் தெரியாம இருந்தது. அது எனக்குச் சரியாப் படலை. எதைப் போட்டுக்கறதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க. ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் புதுக் கண்ணாடியைத் தொடவில்லை. "போ" என்றார். அவள் வந்துவிட்டாள்.

அடுத்து வந்த நாட்கள் மெதுவாக நகர்ந்தன. ரொட்டிக்கடையிலிருந்து சீட்டிச் சத்தம் கேட்கவில்லை. விஷயம் தெரிந்ததும் முதலாளி பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவர் பேசாத கடை யாரோ இறந்த வீடு மாதிரி இருந்தது. அக்கா தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லோருடைய நிம்மதியையும் கெடுத்த ஒருத்தி என்று சில்லு தன்னையே நினைத்துக்கொண்டாள். வேலை செய்யும்போது, சரியாகத்தான் செய்தேனா என்று லென்ஸை எடுத்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். லென்ஸ் சரியாகவே இருந்தது.

அதன் பிறகு நடந்ததை அக்காதான் ஒரு மதியம் கடைக்கு வந்து சொன்னாள்.

அந்தப் புதுக் கண்ணாடி அவர்கள் வீட்டு அலமாரியில் சும்மா கிடந்ததாம். அவர் பக்கத்தில் போவார், பார்ப்பார், திரும்பி வருவார். சாயங்காலம் வாசலில் நின்று விளக்குகளைப் பார்ப்பார். ஆனால் அவளைக் கூப்பிட்டுக் காட்டுவதில்லை. "இது தப்புன்னு தெரிஞ்சப்புறம் முன்ன மாதிரி இல்லைடி" என்று ஒருநாள் சொன்னாராம். "அழகாத்தான் இருக்கு. ஆனா அங்கே என்ன இருக்குன்னு யோசனை வந்துடுது."

ஒருநாள் விடியும் நேரத்தில், அவள் அடுப்பு முன் நின்றுகொண்டிருந்தபோது, பின்னால் காலடி கேட்டிருக்கிறது. திரும்பினாள். அவர் கதவில் சாய்ந்து நின்றார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

"ஒண்ணும் பேசலை" என்றாள் அக்கா. "அப்படியே பார்த்துட்டே நின்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசுது. தலை கலைஞ்சிருக்கு, முகமெல்லாம் கரி. இப்ப ஆரம்பிக்கப் போறார்னு நினைச்சேன். கிட்ட வந்தார். சட்டைக் கையை மேல தள்ளினார்."

"என்ன சொன்னார்?"

"திட்டினார்." அக்கா தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். "நல்லாத் திட்டினார். 'கை வெந்துட்டிருக்கு, நீ சொல்லாம மறைச்சியா, நான் வெளியில நின்னு விளக்கைப் பார்த்துச் சிரிச்சிட்டிருந்தேனா'ன்னு. என்னைத் திட்டறாரா, தன்னையே திட்டிக்கறாரான்னே தெரியலை. திட்டிக்கிட்டே மருந்து போட்டார். துடுப்பைப் பிடுங்கிட்டார். அன்னையிலேர்ந்து அடுப்புகிட்ட என்னை விடறதில்லை."

"முன்ன மாதிரியே ஆயிட்டாரா?"

அக்கா யோசித்தாள். பொய் சொல்லக்கூடாது என்று யோசிப்பது போலிருந்தது.

"பாதி. அலமாரித் தூசியை நேத்து மறுபடி கண்டுபிடிச்சிட்டார். எதிர்வீட்டுத் துணியைப் பார்த்துத் தலைவலியும் வந்தாச்சு. ஆனா என்கிட்ட ஒண்ணு மாறியிருக்கு. சொல்ல வந்ததைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை என் கையைப் பார்த்துக்கறார். சில நாள் பார்த்துட்டு வாயை மூடிக்கறார். சில நாள் பார்த்துட்டும் சொல்லிடறார்." சிரித்தாள். "நான் உன்கிட்டக் கொடுக்காதன்னு சொன்னேன் இல்ல. நீ கொடுத்துட்டதுல இன்னும் எனக்கு வருத்தம்தான். அந்தச் சாயங்காலங்கள் போச்சேன்னு இருக்கு. ஆனா ராத்திரி படுத்தா பயமில்லாம தூக்கம் வருது. கருகினதை ஒளிச்சு வைக்க வேண்டியதில்லை பாரு."

சில்லு தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்கலாமா, நன்றி சொல்லலாமா என்று தெரியாமல் மேஜைமேல் இருந்த துணியை மடித்தாள். முன்னறையில் முதலாளி தொண்டையைச் செருமினார். பேச ஆரம்பிக்கப் போகிறார் என்பதற்கு அடையாளம் அது. இருவரும் காத்திருந்தார்கள். அவர், "டீ சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

டீ வந்தது. குடித்து முடித்தும் அக்கா எழுந்திருக்கவில்லை. சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றாள். "இதுவரைக்கும் பாத்ததே இல்லை."

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு கண்ணை மறைத்தார். மேல்வரிசைப் பெரிய எழுத்தை அக்கா கணீரென்று படித்தாள். அடுத்த வரிசையும் போனது. அதற்குக் கீழே வந்ததும் குரல் தயங்கியது. ஓர் எழுத்தை ஊகமாகச் சொன்னாள். சில்லுவின் முகத்தைப் பார்த்து, சரியா என்று கண்ணாலேயே கேட்டாள்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கக்கா. தப்பில்லை."

வெளியே பனி முழுசாகக் கலைந்து, வெயில் கடையின் தரைவரை வந்திருந்தது. அக்கா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"தெரியலை" என்றாள். "அதுக்குக் கீழே ஒண்ணுமே தெரியலை."

சில்லு லென்ஸ் பெட்டியைத் திறந்தாள்.